மறைவான வேதனைக்கு ஒரு பணிவிடை

(நன்கொடையாளர் கூடுகையில் எமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இம்முறை எந்தப் பிரிவைக் குறித்து உங்களுக்கு முன்பாகப் பேசுவது என்று நாங்கள் கூடி யோசித்தோம். குழந்தைகள் வார்டைச் சொல்லலாம் என்றார்கள் சிலர். கண் சிகிச்சை முகாமைச் சொல்லலாம் என்றார்கள் வேறு சிலர். அவற்றையெல்லாம் எங்கள் செய்தி மடலில் படங்களோடு பார்த்திருக்கிறீர்கள். படம் பிடித்துப் போட முடியாத ஒரு வேலையைப் பற்றி இன்று சொல்லுவோம் என்று முடிவு செய்தோம். சிறுநீரியல் பிரிவில், அந்தத் துறைக்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர் செய்யும் வேலை அது.

சிறுநீரியல் என்றதும் டயாலிசிஸ் என்று நினைத்துக்கொள்ளுகிறவர்கள் உண்டு. டயாலிசிஸ் செய்வது சிறுநீரக மருத்துவப் பிரிவு; அது வேறு. சிறுநீர் உண்டாகி வெளியேறும் வழி முழுவதிலும், அதாவது சிறுநீரகத்திலும், அதிலிருந்து இறங்கும் குழாயிலும், சிறுநீர்ப்பையிலும், ஆண்களுக்கு அதன் கீழே இருக்கிற புரோஸ்டேட் சுரப்பியிலும் கல்லோ, அடைப்போ, புற்றுநோயோ வந்தால் அதை ஆபரேஷன் மூலமாகவும் மருந்து மூலமாகவும் சரிசெய்கிற பிரிவே சிறுநீரியல். ஆபரேஷன் பல நேரம் ஒரு மணிக்குள்ளே முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற நாட்களில் நோயாளியோடு இருக்கிறவர் செவிலியர். அந்த நாட்களில் என்ன நடக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறோம்.

இந்தியச் செவிலியர் மன்றம் அங்கீகரித்திருக்கிற எம்.எஸ்ஸி. நர்சிங் படிப்பில் சிறுநீரகத்தையும் சிறுநீரியலையும் சேர்த்துப் படிக்கிற தனிப் பிரிவு ஒன்று உண்டு. நான்கு வருட பி.எஸ்ஸி. படிப்புக்கு மேல் அது இரண்டு வருடம். அதைப் படித்து வார்டுக்கு வருகிறவர்கள் மிகச் சிலர். எங்களைப் போன்ற மிஷன் மருத்துவமனைகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. சாதாரண நர்சிங் படித்து வந்த ஒரு பெண், ஒரே வார்டில் வருஷக்கணக்காய் நின்று, சர்ஜனிடம் கேட்டும் நோயாளியைப் பார்த்தும் கற்றுக்கொள்ளுகிறார். இங்கிலாந்தில் பல மருத்துவமனைகளில், வளையக்கூடிய கருவியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பார்க்கும் பரிசோதனையைக்கூட இப்படிப் பயிற்சி பெற்ற செவிலியரே செய்கிறார்கள். நம் பக்கத்தில் அது மருத்துவர் கையில் இருக்கிறது. ஆனால் மற்ற எத்தனையோ காரியங்கள் செவிலியர் கையில்தான் இருக்கின்றன.

முதலாவது, கேட்பது.

ஓ.பி.க்கு வருகிற பெரியவர் ஒருவர் மருத்துவரிடம், தூக்கம் வரவில்லை என்பார். உடம்பு அசதி என்பார். சர்க்கரை இருக்கிறதா பாருங்கள் என்பார். உண்மையான சங்கதியை மட்டும் சொல்ல மாட்டார். கூடவே மருமகள் நிற்பாள். அவள் முன்பாக எப்படிச் சொல்லுவார்? எங்கள் சிஸ்டர் மருமகளை மருந்துச் சீட்டு வாங்க அனுப்பிவிட்டு, பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கீங்க?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் வந்துவிடும். நாலு தடவை, அஞ்சு தடவை. போனாலும் சொட்டுச் சொட்டாய்த்தான் வருகிறது. வந்து படுத்தால் மறுபடியும் முட்டுகிறது.

இந்தக் கேள்விகளுக்கு ஒரு கணக்கு உண்டு. 1992-ல் அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தார் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை உண்டாக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 7-க்குள் இருந்தால் தொந்தரவு குறைவு. 8 முதல் 19 வரை நடுத்தரம். 20-ஐ எட்டினால் கடுமை. உலகம் முழுவதும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அச்சடித்த தாளை நம் ஊர்ப் பெரியவர் கையில் கொடுத்தால் அது மடித்துச் சட்டைப் பையில் போய்விடும். சிஸ்டர் அதை, "முக்கிப் போக வேண்டியிருக்கா? நின்னு நின்னு வருதா? போயிட்டு வந்த பிறகும் மிச்சம் இருக்கிற மாதிரி இருக்கா?" என்று நம் பேச்சில் கேட்டு, அவரே குறித்துக்கொள்ளுகிறார். மாத்திரை போதுமா, ஆபரேஷன் வேண்டுமா என்று மருத்துவர் யோசிக்கும்போது அந்தத் தாளும் அவருக்கு உதவுகிறது.

பெண்களுடைய காரியம் இன்னும் மறைவானது. ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு தாயார் வருவதை நிறுத்திவிடுகிறார். பக்தி குளிர்ந்துபோயிற்று என்று சபையில் பேசிக்கொள்ளுகிறார்கள். நாங்களும் வீட்டுக்குப் போய் ஜெபித்து வருகிறோம். அவர் ஒன்றும் சொல்லுவதில்லை. இருமினால், தும்மினால், எழுந்து நின்று பாட்டுப் பாடினால் சேலை நனைந்துவிடுகிறது என்பதே காரணமாய் இருக்கலாம். பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும், வயதானபோதும் பல பெண்களுக்கு இது நேரிடுகிறது. கால் வலிக்காக ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் சிஸ்டர் கேட்க, அவரிடம்தான் அழுதுகொண்டே சொல்லுவார்கள். இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் எளிய பயிற்சி ஒன்று இதற்கு உண்டு. ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-ல் அதைப் பற்றி எழுதினார். மருந்து வேண்டாம், செலவு இல்லை. தினமும் விடாமல் மூன்று மாதமாவது செய்ய வேண்டும். சரியான தசையைத்தான் இறுக்குகிறார்களா என்று ஒருவர் பொறுமையாய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மறுமாதம் வரவழைத்துக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு சிஸ்டர் வேண்டும்.

எங்களிடம் மனிதர்கள் பாவத்தைச் சொல்லுகிறார்கள், கடனைச் சொல்லுகிறார்கள், பிள்ளைகள் கைவிட்டதைச் சொல்லுகிறார்கள். இதை மட்டும் சொல்லுவதில்லை. இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுகிற மனம் அந்தச் சிஸ்டருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, கண் விழித்துப் பார்ப்பது.

புரோஸ்டேட் வீங்கி அடைத்துக்கொண்டவர்களுக்கு, வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வழியாகவே கருவியைச் செலுத்தி அடைப்பைச் சுரண்டி எடுக்கிறார்கள். அந்த இரவில் வார்டுக்கு வந்தால் ஒரு காட்சியைக் காணலாம். கம்பியில் மூன்று லிட்டர் உப்புத் தண்ணீர்ப் பை தொங்கும். அதிலிருந்து தண்ணீர் ஒரு குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் இறங்கி, இரத்தத்தைக் கழுவிக்கொண்டு, கட்டிலுக்குக் கீழே இருக்கிற பைக்குள் வந்து விழும். அந்தப் பையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே சிஸ்டரின் இரவு. வெளிறிய ரோஜா நிறமாயிருந்தால் நல்லது. கருஞ்சிவப்பாய் மாறினால் தண்ணீரை வேகப்படுத்த வேண்டும். அப்படியும் தெளியாவிட்டால் மருத்துவரை எழுப்ப வேண்டும்.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. இரத்தக் கட்டி வழியை அடைத்துக்கொண்டால், மேலே இருந்து தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருக்கும், கீழே ஒன்றும் வராது. நோயாளி, "வயிறு வெடிக்குதும்மா" என்று முனகுவார். பழக்கமில்லாதவர்கள், கட்டி கரையட்டும் என்று தண்ணீரை இன்னும் திறந்துவிடுவார்கள். துறை தெரிந்த சிஸ்டர் முதலில் தண்ணீரை நிறுத்துவார். அதன்பின் பெரிய சிரிஞ்சை எடுத்து, சுத்தமான முறையில் கழுவி, கட்டியை உறிஞ்சி எடுப்பார். ஐந்து நிமிஷத்தில் அந்த மனிதர் முகம் தெளியும். எவ்வளவு உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே வந்தது என்று காலை வரைக்கும் தாளில் எழுதிக்கொண்டே இருப்பார். வெளியே வந்ததில் உள்ளே போனதைக் கழித்தால்தான், சிறுநீரகம் உண்டாக்கின சிறுநீர் எவ்வளவு என்று தெரியும்.

நாட்கணக்காய் அடைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் இப்படியே. சாதாரணமாய் 400, 500 மில்லி கொள்ளுகிற சிறுநீர்ப்பை, ஒரு லிட்டருக்கும் மேலே உப்பிக்கொண்டிருக்கும். குழாய் போட்டதும் வலி போய்விடும். எல்லாம் முடிந்தது என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள். சிஸ்டருக்கு வேலை அப்போதுதான் ஆரம்பம். இத்தனை நாள் அடைபட்டிருந்த சிறுநீரகங்கள் சிலருக்கு அளவுக்கு மிஞ்சி நீரைக் கொட்டத் தொடங்கும். மணிக்கு 200 மில்லியைத் தாண்டி அது தொடர்ந்தால், உடம்பிலுள்ள நீரும் உப்பும் வற்றிவிடும். ஆகையால் மணிக்கொருதரம் அளக்க வேண்டும். இரவு மூன்று மணிக்கும் அளக்க வேண்டும்.

மூன்றாவது, நாட்களைக் கணக்கு வைப்பது.

சிறுநீர்க் குழாய், கதீட்டர் என்று நாம் சொல்லுகிற அந்த ரப்பர்க் குழாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் நுனியில் ஒரு சிறிய பலூன் உண்டு. உள்ளே போனதும் அதில் தண்ணீர் ஏற்றினால் குழாய் நழுவி வராது. ஃபிரெடெரிக் ஃபோலி என்ற அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் உருவாக்கிய அது 1930-களில் வழக்கத்துக்கு வந்தது. இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அதனால் பிழைத்தவர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அதே குழாய் கிருமிகளுக்கும் வழியாகிறது. அது உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும், நூற்றுக்கு 3 முதல் 7 பேர் வரைக்கும் புதிதாகச் சிறுநீரில் கிருமி சேருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு மாதம் இருந்தால் அநேகமாய் எல்லாருக்கும் சேர்ந்துவிடும். அவர்கள் எல்லாருக்கும் காய்ச்சல் வந்துவிடாது. வருகிறவர்களுக்கு அது இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே எங்கள் சிஸ்டர் காலையில் வார்டுக்கு வந்ததும் ஒவ்வொரு கட்டிலிலும் கேட்கிற கேள்வி, "இந்தக் குழாய் இன்னைக்கும் வேணுமா?" என்பதே. இந்த வார்டோடு அவர் நிற்பதில்லை. பெண்கள் வார்டு, எலும்பு முறிவு வார்டு என்று சுற்றி வந்து அங்கேயும் கேட்பார். ஆபரேஷனுக்காகப் போட்ட குழாய், எடுக்க நினைவில்லாமல் நாலு நாளாய் அப்படியே கிடக்கும். படுக்கை நனையாது என்று வீட்டாருக்கும் அது வசதி. அதை எடுக்கச் சொல்லிக் கேட்கிறதினால் அவரைச் சிலருக்குப் பிடிக்காது. அதை அவர் பெரிதாய் எண்ணுவதில்லை.

அவரிடம் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். சிறுநீரகக் கல்லுக்கு ஆபரேஷன் செய்தால், சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே, இரண்டு முனையும் சுருண்டிருக்கிற மெல்லிய குழாய் ஒன்றைப் பலருக்கு வைத்து அனுப்புகிறார்கள். ஸ்டென்ட் என்று அதற்குப் பெயர். சில வாரங்கள் கழித்து வந்து அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அது பத்து நிமிஷ வேலை. ஆனால் அது வெளியே தெரியாது. வலி போய்விட்டது, கல்லும் போய்விட்டது, நோயாளி திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போய்விடுகிறார். டிஸ்சார்ஜ் சீட்டு கூரையில் செருகிய இடத்திலேயே இருக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் போனால் அந்த ஸ்டென்டைச் சுற்றியே உப்பு படிந்து கல்லாகிறது. அப்புறம் அதை எடுக்க ஒன்றுக்கு மேல் ஆபரேஷன் தேவைப்படலாம். ஒரு சிறுநீரகத்தையே இழந்தவர்களும் உண்டு. நல்ல சர்ஜன் செய்த நல்ல ஆபரேஷனை, ஒரு தேதி மறந்துபோனது கெடுத்துவிடுகிறது.

அந்த நோட்டில் ஸ்டென்ட் வைத்த ஒவ்வொருவர் பெயரும், ஊரும், வைத்த தேதியும், எடுக்க வேண்டிய தேதியும் இருக்கின்றன. மூன்று போன் நம்பர் வாங்கிக்கொள்ளுவார்: அவருடையது, வீட்டில் ஒருவருடையது, பக்கத்துக் கடைக்காரருடையது. தேதி தவறினால் சிஸ்டர் கூப்பிடுகிறார். நம்பர் மாறிப்போயிருந்தால் எங்கள் அறைக்கு வந்து, "ஐயா, இந்த ஊர் எந்தச் சேகரத்தில இருக்கு?" என்று கேட்பார். நாங்கள் அந்தச் சேகரத்துக் குருவானவருக்கோ உபதேசியாருக்கோ சொல்லுவோம். இன்ன நோய் என்று நாங்கள் சொல்லுவதில்லை, சிஸ்டர் எங்களுக்கும் சொல்லுவதில்லை. "ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய தேதி தாண்டிவிட்டது, சொல்லி அனுப்புங்கள்" என்கிற ஒரு வார்த்தை மட்டுமே. ஆலயம் இல்லாத ஊருக்கு ரேஷன் கடைக்காரரும் பஸ் கண்டக்டரும் செய்தி கொண்டுபோயிருக்கிறார்கள். பெயருக்கு நேரே "எடுத்தாயிற்று" என்று எழுதுகிற வரைக்கும் அவர் விடுவதில்லை.

நான்காவது, சொல்லிக்கொடுப்பது.

தென் மாவட்டங்களிலே பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களை அறியாத மருத்துவமனை இருக்காது. கால்கள் செயலற்றுப்போகின்றன என்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். சிறுநீர்ப்பையும் செயலற்றுப்போகிறது என்பதைப் பலர் அறியார்கள். அது நிரம்பியிருக்கிற உணர்வு வராது. தானாக முழுவதும் காலியாகாது. தேங்கின நீர் கிருமிக்கு இடமாகி, அழுத்தம் மேலே ஏறி, வலியே தெரியாமல் சிறுநீரகங்களைக் கெடுத்துவிடும். முதலாம் உலக யுத்தத்தில் இப்படி முறிவுபட்ட சிப்பாய்களில் பெரும்பாலானோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலுமே மடிந்தார்கள். 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் டாக்டர் லுட்விக் குட்மன் ஒரு தனிப் பிரிவைத் தொடங்கி, இவர்களும் வாழலாம் என்று காட்டினார். நம் நாட்டில், 1954-ல் நடந்த ஒரு கார் விபத்தில் தாமே இரு கால்களும் செயலற்றுப்போன டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வுப் பணியை நிலைநாட்டினார். அங்குள்ள மறுவாழ்வு நிலையம் 1966-ல் திறக்கப்பட்டது.

ஒரு பெரிய திருப்பம் 1972-ல் வந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஜாக் லாபிடஸ், நோயாளியே தன் கையால், நாளுக்குப் பல தடவை, மெல்லிய குழாயை விட்டு நீரை எடுத்துவிட்டு அப்போதே குழாயை வெளியே எடுத்துவிடலாம் என்று எழுதினார். ஆபரேஷன் தியேட்டரில் போலக் கொதிக்க வைத்த சுத்தம் வேண்டியதில்லை. சோப்புப் போட்டுக் கழுவிய கையும் கழுவிய குழாயும் போதும். சிறுநீர்ப்பை உப்பிப்போக இடங்கொடாமல் நேரத்துக்குக் காலி செய்வதே முக்கியம் என்றார். முதலில் பலர் இதை ஏற்கவில்லை. இன்று உலகமெங்கும் இதுவே வழக்கம். அந்தக் கட்டுரையை எழுதிய நால்வரில் ஒருவர் பெட்டி லோ என்ற செவிலியர். சர்ஜன் ஒன்றைச் சொல்லலாம்; நோயாளியின் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டும். அந்தச் செவிலியரின் பெயரும் மருத்துவர்களின் பெயரோடு அச்சானது எங்களுக்கு மிகுந்த சந்தோஷம்.

பதனீர் காலத்தில் விழுந்த ஒரு பனைத் தொழிலாளி எங்களிடம் இருந்தார். நாற்பது வயது இருக்கும். குழாயோடும் பையோடும் வீட்டுக்குப் போகமாட்டேன் என்றார். தானே குழாய் விடக் கற்றுக்கொள்ளச் சொன்னால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மனைவி, "நான் எப்படி சிஸ்டர் அதைச் செய்வேன்?" என்று அழுதார். சிஸ்டர், "அக்கா, இது அண்ணாச்சியே செய்யப்போற வேலை. நீங்க தண்ணி மட்டும் மோந்து கொடுத்தாப் போதும்" என்றார். அது அந்த மனிதர் காதிலும் விழுந்தது.

மறுநாள் சிஸ்டர் ஒரு தையற்காரரை வரவழைத்தார். அவரும் அதேபோல விழுந்து, பல வருடமாய்த் தானே குழாய் விட்டுக்கொள்ளுகிறவர். எங்களைப் பார்த்து, "ஐயா, நீங்க பத்து நிமிஷம் கழிச்சு வாங்க" என்று சிஸ்டர் அனுப்பிவிட்டார். பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாயிற்று. பஸ்ஸில் போனால் என்ன செய்வது, கல்யாண வீட்டில் எங்கே போவது, குழாயை எதில் வைப்பது என்று தையற்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அந்தப் பனைத் தொழிலாளி கையைக் கழுவிக்கொண்டார். முதல் நாள் கை நடுங்கியது. ஒரு வாரத்தில் பழகிப்போயிற்று. நாளுக்கு ஐந்து தடவை. ஒவ்வொரு முறையும் அளந்து எழுத ஒரு சிறு நோட்டும் பென்சிலும். இப்போது ஊரில் ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் வருகிறார். இதுவரைக்கும் இரண்டு சிறுநீரகங்களும் நன்றாயிருக்கின்றன. சிஸ்டருடைய உதவி அவருக்கு இப்போது அதிகம் தேவைப்படுவதில்லை. அவர் அப்படி ஆகவேண்டும் என்றுதான் சிஸ்டர் பாடுபட்டார்.

அன்பானவர்களே, இந்த வேலைக்கு வருகிற பெண்பிள்ளைகள் என்ன கொடுக்கிறார்கள் என்பதையும் நினைத்துப்பாருங்கள். அந்நிய ஆண்களைத் தொட்டுச் செய்கிற வேலை என்று சொந்த வீட்டிலேயே முகம் சுளிக்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் எந்த வார்டு என்று சொல்லாதே என்று சொல்லிக்கொடுக்கிற தாய்மாரும் உண்டு. ஆண் செவிலியர்களும் எங்களிடம் இருக்கிறார்கள். ஆனால் எல்லா நேரத்துக்கும் போதுமான பேர் இல்லை. பெரிய வியாழனன்று நாம் கால் கழுவுகிற பணிவிடையைப் பற்றிப் பிரசங்கிக்கிறோம். வருஷத்துக்கு ஒருமுறை பிரசங்கிக்கிற எங்களுக்கு, அதை மூன்று ஷிப்டிலும் செய்கிறவர்களைப் பார்க்கும்போது பேச்சு குறைந்துவிடுகிறது.

இனி, உங்களிடம் இரண்டு காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

முதல் காரியம் உங்கள் வீட்டைப் பற்றியது. இங்கே அறுபது வயதைக் கடந்த ஐயாமார் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். எங்களுக்கும் அந்த வயதுதான். இரவில் பல தடவை எழுந்திருக்க நேர்ந்தால், நீர் வரத் தாமதித்தால், வேகம் குறைந்தால், அது வயதின் கோளாறு என்று மூடி வைக்காதேயுங்கள். சிறுநீரில் இரத்தம் கண்டால், வலி இல்லாவிட்டாலும், ஒரு முறைதான் வந்தது என்றாலும், உடனே காட்டுங்கள். வலியில்லாமல் வருகிற இரத்தம் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாய் இருக்கக்கூடும். உங்கள் குடும்பத்தில் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர் இருந்தால், ஸ்டென்ட் வைத்தார்களா, எடுத்தாயிற்றா என்று இன்றைக்கே கேளுங்கள். கேட்கத் தயங்குகிறவர்கள் எங்கள் சிஸ்டரிடம் அனுப்புங்கள், அவர் கேட்டுக்கொள்ளுவார்.

இரண்டாவது காரியம் காணிக்கையைப் பற்றியது. உங்களில் பலர் இயந்திரங்கள் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்காக நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். கல்லை வெளியே இருந்தே அதிர்வலையால் உடைக்கிற இயந்திரம் 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதல் ஒரு நோயாளிக்குப் பயன்பட்டது. அது எத்தனையோ பேரைக் கத்தியிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. இயந்திரத்தில் பெயர்ப் பலகை மாட்டலாம். கேள்வி கேட்கிற செவிலியரில் பலகை மாட்ட இடமில்லை. ஆகையினால் அவருடைய சம்பளத்துக்கென்று கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இங்கிலாந்தில் மாக்மில்லன் என்ற புற்றுநோய் உதவி நிறுவனத்தார் 1975 முதல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பொதுமக்கள் கொடுத்த பணத்தில், பயிற்சி பெற்ற செவிலியரின் பணியிடத்துக்குச் சில வருடங்கள் செலவைத் தாங்கள் ஏற்றுக்கொண்டு, அதன்பின் மருத்துவ நிர்வாகம் அதைத் தொடர்ந்து நடத்தும்படி செய்தார்கள். இப்படிப்பட்ட செவிலியர்களால் என்ன பயன் என்று ஒருமுறை கண்ட மருத்துவமனைகள் அவர்களை விட மனதில்லாமல் போயின. அந்த நாட்டு மருத்துவமனைகளில் இன்று நம் பக்கத்துப் பிள்ளைகளும் அநேகர் வேலை செய்கிறார்கள். அவர்கள் போவதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். வீட்டுக் கடனும் தங்கையின் கல்யாணமும் அவர்கள் தலையில் இருக்கின்றன.

எங்கள் கவலை இதுதான். அந்த நீளமான நோட்டை நடத்துகிறவர் ஒரே ஒருவர். அவர் ஓய்வு பெற்றாலோ, அயல்நாடு போனாலோ, ஆள் போதாமல் வேறு வார்டுக்கு மாற்றப்பட்டாலோ, தேதி தவறினவர்களைத் தேடிக் கூப்பிட யாரும் இல்லை. எல்லா மருத்துவமனைகளிலும் போலவே எங்களிடமும் செவிலியர்கள் சில மாதத்துக்கு ஒருமுறை வார்டு மாறுகிறார்கள். கையில் ஒரு திறமை பழகி வரும்போது மாற்றம் வந்துவிடுகிறது. அவர் பக்கத்திலேயே இரண்டு வருடம் வேறெங்கும் மாற்றப்படாமல் நின்று கற்றுக்கொள்ள, இளம் செவிலியர் ஒருவருக்கு இடம் உண்டாக்க விரும்புகிறோம். அந்த இடத்துக்கான மாதச் சம்பளத்தையே இந்த வருடம் உங்கள் முன் வைக்கிறோம். திறப்பு விழா இராது. நாடா வெட்டுவதும் இராது. அந்த நோட்டில் இந்த வாரம் மட்டும் பதினொரு பெயர்களுக்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை. நாளைக் காலையில் சிஸ்டர் அவர்களைக் கூப்பிடத் தொடங்குவார்.

உங்கள் குடும்பங்களுக்காகவும், அந்தப் பதினொரு பேருக்காகவும் எங்கள் சிற்றாலயத்தில் ஜெபித்துக்கொள்ளுகிறோம். ஸ்தோத்திரம்.